என் கவிதையை அமுக்கியவர்

ஓசூர் சந்தையில் பக்கத்துத் தளி ஊர்ப் பெண்மணி ஒருவர் பீன்ஸை அள்ளிப் போட்டபடியே, "சாக்கா?" என்றார். சாக்குப்பை வேண்டுமா என்கிறார் போலும் என்று நினைத்து, "சாக்கு வேண்டாம்" என்றேன். அவர் இன்னும் அள்ளிப் போட்டார். நான் தலையாட்டி மறுக்க மறுக்க, பை நிரம்பிக்கொண்டே போனது. கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தமாம். நான் போதாது என்பதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலிருந்தவர் சொன்ன பிறகுதான் அவர் கை நின்றது. கோவில்பட்டியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த புதிதில் நடந்தது இது.

அந்தக் குழப்பத்திலிருந்துதான் என் கவிதை பிறந்தது. அறிவியல் புனைகதை படித்து வளர்ந்தவள் நான். வருங்காலத்தில் ஓசூர் எல்லையில் ஓர் இயந்திரம் நிற்கிறது. கடப்பவர்களின் நாக்கைப் பரிசோதித்து, யாருடைய சொல் எந்த ஊருக்குரியது என்று தீர்ப்புச் சொல்கிறது. இதை இணையப் பக்கங்களாக எழுதினேன். திரையில் எந்தச் சொல்லை அமுக்கினாலும் இன்னொரு கவிதை திறக்கும். 'சாக்கு' தமிழில் ஒரு பக்கத்துக்கும் கன்னடத்தில் வேறொரு பக்கத்துக்கும் போகும். கன்னடச் சொற்களைக் கொடுத்தவள் என்னோடு அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் மஞ்சுளா.

எழுதி முடித்ததும் முதலில் காட்டியது செல்வகுமார் அண்ணாச்சியிடம். அவரும் கோவில்பட்டிக்காரர், ஓசூரில் தெற்கத்தி ஆட்களின் இலக்கியக் கூட்டங்களை நடத்துபவர். நான் அனுப்பிய லிங்கைத் தன் போனில் திறந்து நாலைந்து சொற்களை அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வெளயாட்டுச் சாமான் மாதிரில்லா இருக்கு. கவிதைன்னா வாசிக்கணும், அமுக்கப்படாது."

திரும்பி வந்தேன். சில மாதம் கழித்து அம்மா ஓர் அழைப்பிதழை வாட்ஸப்பில் அனுப்பினாள். 'நம்மூர் அண்ணாச்சி பேசுதாராம்' என்று பெருமை வேறு. தமிழில் புது முயற்சி, செல்வகுமாரின் இணையக் கவிதை, கோவில்பட்டியில் அரங்கேற்றம். கூடவே இருந்த படத்தில் என் முதல் பக்கம், அவர் பெயரோடு.

அழைப்பிதழிலேயே லிங்கும் இருந்தது; திறந்து பார்த்தேன். போன் செய்து சண்டை போடவில்லை. அவர் எடுத்துக்கொண்டது முதல் பக்கத்தை மட்டும்தான். அதிலுள்ள சொற்கள் எல்லாம் இன்னும் என் தளத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. லிங்க் எங்கே போகிறது என்று பார்க்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து அத்தனை பக்கங்களையும் மாற்றி எழுதினேன். கவிதை எழுதியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

விழாவன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி பட்டு வேட்டியோடு மேடையேறி, பெரிய திரையில் முதல் சொல்லை அமுக்கினார். இயந்திரம் பேசியது: 'செல்வகுமார், உங்கள் நாக்கில் வேறொருத்தியின் சொல் இருக்கிறது. எல்லையைக் கடக்க அனுமதியில்லை.' அடுத்ததை அமுக்கினார். அதே தீர்ப்பு. அடுத்ததிலும் அதே. சிரிப்பு பரவியது.

"நெட்டு சரியில்ல" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, "அப்ப யாரு எழுதினது?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். "நான்தாங்க எழுதுனது. இன்னொரு சொல்லயும் அமுக்கச் சொல்லுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இன்றும் அவ்வப்போது நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அலுக்கவில்லை. பெரியவரோ, "நீ எந்த ஊரு தாயி? பேச்சு நம்ம பக்கம் மாதிரி இல்லையே" என்றார்.

அம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே ஓசூர் பஸ் ஏறினேன். சாத்தூர் தாண்டியதும் அம்மா கூப்பிட்டாள். "நம்மூர்க்காரன சபையில வச்சு அசிங்கப்படுத்திட்டியே. நாலு பேரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். மதுரையில் பொழுது சாயும்போது, நடந்ததை நான் எழுதி அனுப்பியதற்குப் பதிலாக மஞ்சுளாவின் குரல்பதிவு வந்தது. "நீனு மாடித்து சரி அக்கா" என்று நான் செய்ததைச் சரியென்று சொல்லித் தொடங்கி, சிரிப்பும் கன்னடமுமாக வேகமாக எங்கோ போனாள். அம்மா திட்டியது ஒரு சொல் பாக்கியில்லாமல் விளங்கியிருந்தது. மஞ்சுளாவின் வாழ்த்தில் பாதிதான் விளங்கியது. மீதிக்காக அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பஸ் வடக்கே போய்க்கொண்டிருந்தது.