தேங்காய் நார் அடைத்த சேணம்

கிணத்துக்கடவுத் தோப்பை நினைத்தால் முதலில் காற்றுதான் வருகிறது. பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக்காற்று வீச, தென்னைகளுக்கடியில் வெயிலும் நிழலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளில், நான் கால்நடை மருத்துவராகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அங்கே ஒரு செந்நிறப் பெண்குதிரையைப் பார்க்கப் போனேன்.

தோப்புக்காரருக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. குதிரைமேல் ஏறினால்தான் தோப்பைச் சுற்றிவர முடியும். அதுவோ சேணத்தைக் கண்டாலே காதை மடக்கி முதுகை நெளித்தது. ஒருமுறை அவரைக் கீழே தள்ளியும் விட்டது. முதுகு ரோமத்தில் புதிதாகச் சுழி விழுந்திருக்கிறது, குடும்பத்துக்கு ஆகாது, விற்றுத் தொலைக்கலாம் என்று அவருடைய மச்சினன் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

சுழியாவது மண்ணாவது! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திக்கொண்டே போனேன். மச்சினன் சுழி என்று காட்டிய இடத்தில் விரல் பட்டதும் குதிரை முதுகைத் தாழ்த்தி விலகியது. அங்கே ரோமம் உரசி உரசிச் சுருண்டு, வெளுத்திருந்தது. சேணத்தைக் கவிழ்த்து அமுக்கினேன். அதே இடத்தில் கல் மாதிரி ஒரு கட்டி.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று கேட்டேன்.

“நம்ம தோப்பு நாருதானுங்க,” என்றார் தோப்புக்காரர், பெருமையாக.

பழைய கம்பளி அமுங்கிப்போனதால் அவரே பிரித்து அடைத்தாராம். தேங்காய் நாரில் மெத்தை செய்கிற ஊர், சேணத்துக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்துவிட்டார் பாவம். வியர்வையில் நனைந்து நனைந்து நார் இறுகிப்போயிருந்தது.

சேணமே கூடாது, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தினமும் கையில் பிடித்து நடத்துங்கள், சேணத்தைப் பிரித்துக் கம்பளி அடையுங்கள் என்றேன். கார்த்திகைக்குள் சரியாகாவிட்டால் விற்றுவிடலாம் என்று மச்சினனுக்குத் தோப்புக்காரர் வாக்குக் கொடுத்தார்.

அந்த மாதங்கள் எனக்குள் ஒரே மாலைப்பொழுதாகத்தான் கிடக்கின்றன. அவர் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார், குதிரை பின்னால் போகும். இருவரும் மரங்களுக்குள் மறைவதைக் கட்டிலில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டேயிருப்பார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கார்த்திகையில் மறுபடி சேணம் போட்டோம். காது மடங்கவில்லை. அவர் ஏறினார், மரங்களுக்குள் போய் மறைந்தார். வெகுநேரமாகியும் திரும்பவில்லை. விழுந்துவிட்டாரோ என்று நான் மரங்களை நோக்கி நடக்கத் தொடங்கினேன். அப்புறம் தோப்பின் கோடியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார்.

“அம்மணி, கெழக்கால மரமெல்லாம் காய்ச்சுக் கெடக்குது.”

“நெதமும் நாஞ் சொன்னனுங்க,” என்றார் மனைவி என்னிடம். “ஆறுதலுக்குச் சொல்றேன்னு இருந்துட்டாருங்க.”

சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.