ஏறாத கூடை

விமானங்களைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார்கள் என்றால், எங்கள் புயல் அறிக்கையை நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவியோரம் இருந்த விமானத்தளத்தில் நான் வெதர் ஒப்சேவர். பாரமானியில் காற்றழுத்தம் பார்ப்பது, பலூன் விட்டு மேல்காற்றை அளப்பது, எல்லாவற்றையும் சங்கேத எண்களாக்கிக் கொடுப்பது என் வேலை.

அதற்கு முன் முகத்துவாரத்துக் கம்பத்தில் புயல் கூடை ஏற்றியவனும் நான்தான். கறுப்புக் கித்தானில் செய்த பெரிய கூம்பு அது. கடலுக்குப் போகிறவர்கள் கூடை என்பார்கள். கூடை ஏறினால் தோணி இறங்காது. ஏறாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். யுத்தம் வந்ததும் காலநிலை இராணுவ ரகசியமாகிவிட்டது. கூடை ஏற்றத் தடை. ஏற்றமாட்டோம் என்று ஊருக்குச் சொல்வதும் குற்றம். கம்பம் மட்டும் அப்படியே நின்றது.

ஒரு மார்கழியில், காலையிலிருந்தே பாரமானி இறங்கிக்கொண்டிருந்தது. விட்ட பலூன் நேரே ஏறாமல் வாவிக்கு அக்கரையில் வவுணதீவுப் பக்கமாக இழுபட்டுப் போனது. புயல் என்று எழுதிக் கொடுத்தோம். விமானங்களைக் கட்டத் தொடங்கினார்கள். நான் மேலதிகாரி சிவக்கொழுந்து ஐயாவிடம் ஓடினேன். அவர் யாழ்ப்பாணத்தவர்.

"ஐயா, பொழுதுபட முந்தித் தோணியெல்லாம் இறங்கிரும். ஒருக்காக் கூடைய ஏத்த விடுங்க."

"உமக்கு விசரே? அதைக் கடலில நிக்கிற எதிரிக் கப்பலும் பாக்குமெல்லோ."

"என்ட மச்சானும் போவார் ஐயா. அக்காட வீட்ட போய்ச் சொல்லிட்டு ஓடி வாறன்."

"கேற்றைப் பூட்டியாச்சு. ஒருத்தரும் வெளியில போகேலாது."

சொல்லும்போது அவர் முகமும் செத்துப்போயிருந்தது.

காற்று நாங்கள் சொன்னபடியே வந்தது. விடிந்தபோது ஒரு விமானத்துக்கும் சேதமில்லை. வெள்ளைக்காரத் துரை எல்லோருக்கும் கை கொடுத்துப் பாராட்டினார். கேற் திறந்ததும் முகத்துவாரத்துக்கு ஓடினேன்.

அக்கா கம்பத்தடியில் இருந்தாள். மச்சானின் தோணி பலகை பலகையாகக் கரை ஒதுங்கியிருந்தது. மச்சான் ஒதுங்கவேயில்லை.

"வானம் சரியில்ல, போகாதீங்க எண்டு கும்பிட்டன் தம்பி. இதில நிண்டு கம்பத்தப் பாத்தார். 'கூடை ஏறல்ல, பயப்படாத புள்ள' எண்டுட்டுப் போனார்." பிறகு என் கையைப் பிடித்தாள். "உங்கட ஆக்களுக்கு இந்தக் காத்து வாறது தெரியாதா?"

தெரியும் என்று சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை.

இன்று அறிக்கை எழுத வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எச்சரிக்கை கொடுப்பதை நிறுத்துகிறீர்கள் என்றால், கம்பத்தையும் வெட்டிச் சாய்த்துவிடுங்கள். அது நிற்கும்வரை சனம் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும்.