செங்காட்டுப்பாளையம் கால்பந்துக் குழுவும் செயலாளராகிய நானும்

கிராமத்துக் கால்பந்துக் குழுவின் செயலாளர் என்றால் பந்துக்குக் காற்றடிப்பவர், சுண்ணாம்பில் கோடு போடுபவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டிப் பதினோரு அம்மாக்களிடம் ஏச்சு வாங்குபவர் என்று அர்த்தம். கோயில் கமிட்டியோ குடியிருப்போர் சங்கமோ, எதிலாவது செயலாளராக இருந்து மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

நான் பிழைப்புக்கு எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். கடை அன்னூருக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. கால்பந்து எனக்குப் பிடித்த வியாதி. இந்த வருடம் லீக் நடத்துபவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடைசிப் பிரிவில் இருக்கிற ஆறு அணிகளில் நாங்கள் தொடர்ந்து நான்கு வருடம் ஆறாவது. இந்த வருடமும் ஆறாவது என்றால் பெயரை எடுத்துவிடுவார்களாம். லீக்கில் பெயர் இல்லாத அணிக்கு மேட்ச் கிடையாது, மேட்ச் இல்லாவிட்டால் ஆட்களைக் கூட்ட முடியாது, பதினாறு வருடக் குழு அதோடு சரி.

ஆரம்பித்த கதை

ஊரில் அப்போது மூன்று கிரிக்கெட் அணிகள் இருந்தன, மூன்றுக்கும் ஒரே பேட். பேட்டுக்குச் சொந்தக்காரன் அவுட்டே ஆக மாட்டான். அந்தச் சண்டையில் வெறுத்துப்போன நாங்கள் சிலர், பேட் தேவைப்படாத ஆட்டம் எது என்று யோசித்துக் கால்பந்துக்கு வந்தோம். போர்வெல் போட்டதில் மிச்சமான பைப்பை நட்டு கோல் போஸ்ட் ஆக்கினோம். யாருமே நிற்கச் சம்மதிக்காத கோல் கீப்பர் இடத்தில், தறிக்குப் போய்க்கொண்டிருந்த பதினெட்டு வயது முருகேசன் நின்றான். இன்றைக்கும் அவன்தான் நிற்கிறான்.

முதல் மேட்ச் பக்கத்து ஊர் புளியங்காட்டூரோடு. ஒன்பது கோல் வாங்கினோம். ஊர் திரும்பும்போது முருகேசன்தான் என்னைத் தேற்றினான்: “ஒம்போது கோல் போனாப் போகுதுங்கண்ணா. பந்து நம்மளுதுதானுங்களே, பத்திரமா கொண்டாந்துட்டமில்லீங்க.”

பள்ளம்

எங்கள் மைதானத்தின் வடக்கு மூலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் மூடச் சொல்லியும் நான் மூடவில்லை. எங்கள் பசங்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது. வேறு எந்தத் திறமையும் இல்லாத அணிக்கு இது ஒரு பெரிய பலம்.

கடிதம் வந்த பிறகு நடந்த முதல் மேட்ச். எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு நேராக அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஓடி வருகிறான். நான் கோட்டுக்கு வெளியே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன். அப்போது எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் சுப்பு கையை நீட்டி, “ஏனுங்க, பாத்து வாங்க, அங்க பள்ளமுங்க” என்றான். வந்தவன் நன்றாகச் சுற்றிக்கொண்டு போய் கோல் போட்டான். அந்த ஒரு கோலில் தோற்றோம். இடைவேளைக்குக்கூடக் காத்திருக்காமல் சுப்புவைப் பிடித்து உலுக்கினேன். அவன் கொஞ்சமும் அசையவில்லை. “உழுந்து காலு கீலு ஒடஞ்சுதுன்னா, அவங்க ஊட்டுல நம்மளைத்தானுங்களே கேப்பாங்க.”

பத்தாம் நம்பர்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் மச்சினன், ஏற்றுமதியில் கழித்துப் போட்ட சட்டைகள் ஒரு மூட்டை அனுப்பினான். அருமையான துணி. பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் முதுகில் பத்து. கோல் கீப்பருக்குத் தனிச் சட்டை உண்டு என்பதால், அடுத்த மேட்சில் பத்துப் பேரும் பத்தாம் நம்பராக இறங்கினோம். தகராறு வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லதுதான் வந்தது. எதிரணிப் பயிற்சியாளர் வெளியிலிருந்து “பத்தாம் நம்பரைப் புடி, பத்தாம் நம்பரை உடாத” என்று கத்தக் கத்த, அவருடைய பிள்ளைகள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். இரண்டுக்கு இரண்டு. எங்களுக்கு ஒரு பாயிண்ட்.

மேட்ச் முடிந்ததும் நடுவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதற்குள் நான்கு மஞ்சள் அட்டை காட்டியிருந்தார், எல்லாம் பத்தாம் நம்பருக்கு. கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டிக் கேட்டார்: “இதுல ஒருத்தருக்கு ரெண்டாவது கார்டு வந்திருந்தா, நான் யாரைங்க வெளிய அனுப்பறது?”

மும்முனை மின்சாரம்

இடையில் ஒரு மேட்ச் ஜெயித்தோம். எப்படி என்று கேட்காதீர்கள். எதிரணி வந்த வேன் எங்கள் ஊர்ப் பெயரே உள்ள வேறொரு ஊருக்குப் போய்விட்டது. அடுத்த மேட்ச் எங்கள் மைதானத்தில், கோயம்புத்தூர் உக்கடம் பக்கத்து அணியோடு. இடைவேளை வரை கோல் இல்லை. நான் அன்றைக்கே கரையேறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாம் பாதி ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மூன்று நாளாக வராத த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது. விவசாயம் பார்க்கிற மூன்று பேர், அதில் சுப்புவும் ஒருவன், ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் எடுத்துவிட ஓடினார்கள். வாழை காய்கிறதே. “மோட்டார் ஓடாமப் போச்சுன்னா திரும்பி வந்தர்றேனுங்கண்ணா” என்று சுப்பு போகிறபோக்கில் சொன்னான். அவன் மோட்டாருக்கு அன்று காலையில் நானேதான் காயில் கட்டிக் கொடுத்திருந்தேன். தொழில் சுத்தத்தை நினைத்து முதல் தடவையாக வருத்தப்பட்டேன். மீதி எட்டுப் பேரோடு ஆடி மூன்று கோல் வாங்கினோம். எதிரணிக் கேப்டன் கிளம்பும்போது கை கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எங்க ஊர்ல காயம்பட்டாத்தான் ஆளு வெளிய போவாங்க. உங்க ஊர்ல கரண்ட் வந்தாவே போயிடறாங்க.”

ஆடி விருந்து

மிச்சம் ஒரே மேட்ச், எங்கள் மைதானத்தில், புளியங்காட்டூரோடு. டிரா செய்தால் ஐந்தாவது இடம், தோற்றால் கதை முடிந்தது. இதில் ஒரு சிக்கல். முருகேசனின் தங்கை கவிதாவைத் தை மாதம் புளியங்காட்டூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பிரபு அந்த அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். அதே ஞாயிற்றுக்கிழமைதான் புது மாப்பிள்ளைக்கு ஆடி விருந்து. முருகேசனின் அம்மா சரஸ்வதி அக்கா முதல் நாளே கடைக்கு வந்து, மாப்பிள்ளை மனம் கோணாமல் மேட்சை நடத்தித் தரச் சொன்னார். நான் வேறு ஒன்று கேட்டுக்கொண்டேன்: விருந்தில் குறை வைக்க வேண்டாம். அக்காவும் குறை வைக்கவில்லை. நாட்டுக்கோழியும் இலை நிறையச் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்கு இறங்கிய மாப்பிள்ளையால் ஓடவே முடியவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கோல் இல்லாமல் கடைசி நிமிடம் வரை வந்துவிட்டோம். அப்போது சுப்புவின் கையில் பந்து பட்டு அவர்களுக்குப் பெனால்டி. பெனால்டி அடிக்க ஓட வேண்டியதில்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளை ஆற அமர நடந்து வந்து பந்தை வைத்தார். கோலுக்குப் பின்னால் நின்ற சரஸ்வதி அக்கா, “முருகேசா, மாப்ளை அடிக்கட்டும், உட்ரு கண்ணு” என்றார். முருகேசன் என்னைப் பார்த்தான். தடுத்தால் மாப்பிள்ளைக்கு அவமானம், விட்டால் குழு இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற கவிதா சத்தமாகச் சொன்னாள்: “அண்ணா, அவரு எப்பவும் உனக்கு எடது பக்கந்தான் அடிப்பாரு.” மைதானமே திரும்பிப் பார்த்தது, மாப்பிள்ளையும் பார்த்தார். இனி எங்கே இடது பக்கம் அடிப்பது? வலது பக்கம் அடித்தார். முருகேசன் வலது பக்கம்தான் பாய்ந்திருந்தான். பந்து அவன் நெஞ்சில் பட்டு வெளியே போனது. நான் சுண்ணாம்பு வாளியின் மேல் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

சாயங்காலம் முருகேசன் வீட்டில் மாப்பிள்ளை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார், சோற்றில் கை வைக்கவில்லை. சரஸ்வதி அக்கா மகளைப் பிடித்துக்கொண்டார். “கட்டுன புருசனை ஊரு முன்னால இப்படிப் பண்ணிப் போட்டியே அம்மணி.” கவிதா அம்மாவுக்குப் பதில் சொன்னாலும் கணவரைப் பார்த்தேதான் சொன்னாள். “அவருக்கு ஊடு இருக்குது, நான் இருக்கறேன். அண்ணனுக்கு முப்பத்தி நாலு வயசாச்சு, இன்னும் பொண்ணு அமையல. இந்த டீமும் போச்சுன்னா ஞாயித்துக்கெழமை அண்ணன் எங்க போகும், அம்மா?”

முருகேசன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். மாப்பிள்ளை இலையை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: “அத்தை, கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க. அப்படியே மச்சானையும் வந்து சாப்பிடச் சொல்லுங்க, அடுத்த வருசம் எப்படியும் அவருக்கு ஒரு கோல் போட்டாகோணுமுங்க.”

ஆகவே சக செயலாளர்களே, ஒரு கால்பந்துக் குழுவைக் காப்பாற்ற நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி அலைவதைவிட, எதிரணியில் ஒருவருக்கு நம் ஊர்ப் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதே மேல் என்பது என் பதினாறு வருட அனுபவம்.