தமயந்தியின் கையெழுத்து செல்லாதாம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது பெங்களூர் காக்ஸ் டவுனில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் திட்டுகளையெல்லாம் காதில் வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு திட்டுவதற்கு யாராவது கிடைத்தால் விடுவதில்லை. ஆனால் இது அந்த மாதிரிக் கோபம் இல்லை. நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. பெயர் வேண்டாம். இதயம், சிறுநீரகம், சர்க்கரை, புற்றுநோய், நுரையீரல் என்று ஐந்து துறைகளில் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அது நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்க ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அதில் மருத்துவம் தெரியாத பொதுஜனம் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பொதுஜனம் நான்தான். மூன்று வருடம் மாதாமாதம் போய், சமோசா தின்று, புரியாத தாள்களுக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன ஜூலையில் குழுத் தலைவர் வெங்கடகிருஷ்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். ஐந்து துறைகளிலும் நோயாளிகள் கொடுத்த சம்மதப் படிவங்களை எடுத்துத் தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் ஒரு நடுநிலைச் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் சொன்னது இவருக்குப் புரிந்தது, இவராகச் சம்மதித்தார், நான் கூட இருந்து பார்த்தேன் என்று அதற்கு அர்த்தம். அந்தச் சாட்சிக்கும் ஆராய்ச்சிக்கும் ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது.

இதயத் துறையில் சாட்சி, தமயந்தி. சிறுநீரகத்திலும் தமயந்தி. சர்க்கரை, புற்றுநோய், நுரையீரல், எதை எடுத்தாலும் அதே உருண்டையான தமிழ் எழுத்து. பக்கத்தில் மணி வேறு குறித்திருந்தது. எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு. யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து போட்டுத் தள்ளியிருக்கிறார்கள், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எழுந்து தேடிப் போனேன்.

மூன்றாம் மாடி வராந்தாவில், நீலச் சீருடையில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தமயந்தி யார் என்று கேட்டதும் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள்.

"நான்தான் மேடம். எந்த வார்டு? இருங்க, கைய கழுவிக்கினு வந்துடறேன்."

என்னையும் கையெழுத்துக்குக் கூப்பிட வந்தவள் என்று நினைத்துவிட்டாள். நான் கொண்டு போயிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம்.

தமயந்தி கோலார் தங்கவயலில், கேஜிஎஃப்பில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவள் பத்தாவது படிக்கும்போது சுரங்கத்தை மூடினார்கள், படிப்பும் அத்தோடு நின்றது. உத்தமனைக் கட்டிக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு வந்தாள். அவர் பெயின்டர். இவள் ஒரு ஒப்பந்த ஏஜென்சி மூலம் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்னி உருது நாலும் சரளம். ஒருநாள் இதயத் துறையில் கோலார்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் கைநாட்டு வைக்க, சாட்சிக்கு ஆள் இல்லை. வராந்தாவில் போன இவளைக் கூப்பிட்டு இங்கே ஒரு சைன் போடுங்கக்கா என்றார்கள். அன்றிலிருந்து ஐந்து துறைக்கும் இவள்தான்.

"கண்ண மூடிக்கினு போட்டுட்டு வந்துடுவீங்களா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"அப்பிடிப் போட்டா அது இன்னா சாட்சி மேடம்?" என்றாள். "எங்கப்பாகிட்ட இப்பிடித்தான் எதுலயோ கைநாட்டு வாங்கினாங்க. இன்னான்னு கேட்டா, சும்னே ஒரு ஃபார்மாலிட்டின்னாங்களாம். அது வேலைய விட்டு நிக்கிறேன்னு எழுதின பேப்பரு. டாக்டர் சொல்லச் சொல்ல நான் கூட நிப்பேன், அவர் போன பின்னால பேஷண்ட் பக்கத்துல உக்காருவேன். டாக்டர் இன்னா சொன்னாரு, உங்க வாயால சொல்லுங்கம்பேன். இது சோதனைன்னு தெரியணும். குடுக்கறது மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையா கூட இருக்கும்னு தெரியணும். வேணாம்னு போனாலும் வைத்தியம் பாப்பாங்கன்னு தெரியணும். மூணையும் சொன்னாத்தான் சைன்."

சொல்லாவிட்டால் டாக்டரை மறுபடி கூப்பிட்டு விளக்கச் சொல்வாளாம். அதைக் கேட்டு வேண்டாம் என்று எழுந்து போனவர்களும் உண்டு. டாக்டர்களுக்கு அது பேஜார்தான். ஆனால் நாலு பாஷை தெரிந்த ஆள் வேறு எங்கே கிடைப்பாள்? படித்துப் பட்டம் வாங்கிய நாங்கள் பதினோரு பேர் குழுவில் உட்கார்ந்து செய்யாத வேலையை, பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு இவள் செய்துகொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. என் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை போன் செய்தாள். அந்த வாரம் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் லீவு. கேஜிஎஃப்பில் சித்தப்பாவின் காரியத்துக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தால் நுரையீரல் ஆராய்ச்சியில் ஒரு புது ஆள் சேர்ந்திருக்கிறார். ஆதிகேசவன், சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் தூசி தின்ற மனிதர், எழுபது வயது. திங்கட்கிழமையே கைநாட்டு வாங்கி மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். சாட்சி இடம் காலி. ஆராய்ச்சி வேலைகளைப் பார்க்கும் ஸ்னேஹா அந்தப் படிவத்தை இவளிடம் கொண்டுவந்து, திங்கட்கிழமை தேதி போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள்.

"திங்கக்கிழமை நான் இந்த ஊர்லயே இல்ல ஸ்னேஹா, எப்பிடிப் போடறதுன்னேன். இன்னிக்குத் தேதி போட்டு, அவரக் கேட்டுட்டுப் போடறேன்னேன். அதெல்லாம் வேணாம்கா, ஆடிட் வருதுன்னா. நான் போய் அவரக் கேட்டேன் மேடம். அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியல."

அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று சொல்கிறேன். பெரிய டாக்டர் தன் நுரையீரலைச் சுத்தம் செய்யப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று நம்பினார். ஆராய்ச்சியில் சேர்ந்தால் அதுவரை இழுத்துக்கொண்டிருந்த இன்ஹேலரை நிறுத்த வேண்டும் என்பது படிவத்தின் நாலாம் பக்கத்தில் இருந்தது. நிறுத்திவிட்டார். மூன்று நாளாக மூச்சு வாங்குகிறது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறார். அது மருந்து வேலை செய்யும் அறிகுறி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் படுக்கையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அவர் மனைவி தனலக்ஷ்மிக்குப் பயம். வாய் திறக்காமல் முதுகைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

தமயந்தி இரண்டு பேருக்கும் எடுத்துச் சொன்னாள். ஆதிகேசவன் அன்றைக்கே ஆராய்ச்சியை விட்டு விலகி இன்ஹேலரை வாங்கி இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி நல்லபடியாக ஊர் திரும்பினார். சனிக்கிழமையே தமயந்தியை ஏஜென்சி நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐடி கம்பெனியின் கழிவறை சுத்தம் செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டது. காரணம் கேட்டதற்கு, அங்கே ஆள் குறைவு என்றார்களாம்.

குழுக் கூட்டத்துக்குப் போனேன். சமோசாவைத் தொடவில்லை. நுரையீரல் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சுஹாஸை நேராகவே கேட்டேன்.

"ஒரு தரை துடைக்கறவங்கள எப்படி டாக்டர் நடுநிலைச் சாட்சின்னு வெச்சீங்க? உங்க ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்கதானே?"

அவர் சிரித்தார். "இல்ல மேடம், அவங்க நம்ம எம்ப்ளாயியே இல்ல. கான்ட்ராக்ட். சம்பளம் ஏஜென்சி குடுக்குது. நம்ம பேச்சு அவங்களக் கட்டுப்படுத்தாது. அதனாலதான் அவங்க இண்டிபெண்டண்ட்."

"அப்ப அவங்கள மாத்தச் சொல்லி ஏஜென்சி சூப்பர்வைசருக்கு யாரு போன் பண்ணினது?"

சிரிப்பு நின்றது. ஸ்னேஹா மேஜையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் மெதுவாக, "சார் சொல்லி நான்தான் பண்ணேன்" என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு வெறியே வந்துவிட்டது. உங்கள் ஒரு போனில் நகர்த்தக்கூடிய ஆள் எப்படி நடுநிலை ஆவாள்? அவள் நடுநிலை இல்லை என்றால் அவள் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் செல்லாது. ஐந்து துறை ஆராய்ச்சியும் அந்தரத்தில் நிற்கிறது. இதை எழுதுங்கள், எழுதாவிட்டால் நானே டெல்லியில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுவேன் என்றேன். வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு மணி நேரத்தில் தீர்மானம் தயார். நுரையீரல் ஆராய்ச்சி நிறுத்தம், சுஹாஸிடம் விளக்கம். இருநூற்றுப் பன்னிரண்டு சாட்சிக் கையெழுத்தும் செல்லாது, நோயாளிகளிடம் மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். தமயந்தியை ஏஜென்சியிடம் சொல்லித் திரும்ப வரவழைக்க வேண்டும். 'செல்லாது' என்ற வரியை நான்தான் வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்தேன். ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு.

அதே திமிரோடு மறுநாள் ஜீவனஹள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன். ஒற்றை அறை வீடு, சுவரில் புத்தர் படம். தமயந்தி ஒயிட்ஃபீல்டிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தீர்மானத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். திங்கட்கிழமையே பழைய இடத்துக்கு வந்துவிடலாம் என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என் சைன் செல்லாதுன்னு எழுதினது யாரு மேடம்?"

நான்தான் என்றேன். ஏன் அப்படி எழுத வேண்டியிருந்தது, அதைப் போட்டதால்தான் அவர்கள் இறங்கி வந்தார்கள் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

"இருநூத்திப் பன்னெண்டு பேருகிட்ட நான் உக்காந்து கேட்டிருக்கேன்மா. ஒருத்தருக்குப் புரியலன்னா ரெண்டு வாட்டி, மூணு வாட்டி. சூப்பர்வைசர் திட்டுவான், அரை நாள் சம்பளம் பிடிச்சிடுவான், அப்பவும் உக்காந்து கேட்டிருக்கேன். ஒரு சைன் பொய்யா போட மாட்டேன்னுதானே என்ன ஒயிட்ஃபீல்டுக்குத் தள்ளினாங்க. நீங்க எல்லாத்தையும் பொய்னு எழுதிட்டு வந்து, வேலைக்கு வான்னு கூப்பிடறீங்க."

"பொய்னு எழுதல தமயந்தி. செல்லாதுன்னுதான்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா. அந்த வரிய அடிச்சிட்டு சொல்லியனுப்புங்க, வர்றேன்."

டீ கொடுத்தாள். குடித்தேன்.

அடுத்த கூட்டத்தில் அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நான் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. முடியாது என்றார்கள். வெங்கடகிருஷ்ணன் பொறுமையாக, "நீங்க சொன்னதுதான் மேடம் சரி. விதிப்படி அவங்க சாட்சியா இருந்திருக்கவே கூடாது" என்றார். என் வாயால் சொன்னதையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து கேட்டாளா என்று அந்த விதியில் எங்கேயும் இல்லை. சம்பளம் யார் கொடுக்கிறார்கள், வேலையை யார் பறிக்க முடியும் என்பதைத்தான் அது பார்க்கிறது. தமயந்தி இன்றைக்கும் ஒயிட்ஃபீல்டுக்குத்தான் போகிறாள்.

செப்டம்பரில் மறுபடி சம்மதம் வாங்க ஆரம்பித்தார்கள். நானும் பார்க்கப் போனேன். புதுச் சாட்சி வந்திருந்தார், ரோஹன் என்று பெயர். மருத்துவமனைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. வெளி நிறுவனம் ஒன்று அனுப்பிய ஆள், சட்டப்படி சுத்தம். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது.

சிறுநீரக வார்டில் முதல் நோயாளி ஜானகி, ஈஜிபுராவில் வீட்டு வேலை செய்கிற அம்மாள். கைநாட்டு வைத்துவிட்டு, ரோஹன் பக்கத்தில் உட்காருவார் என்று தள்ளி இடம் விட்டாள். அவர் நின்றுகொண்டே பேனாவைத் திறந்தார்.

"நான் இன்னா புரிஞ்சிக்கினேன்னு கேக்கலியே சார்" என்றாள் ஜானகி. "கேளுங்க, சொல்றேன்."

அவர் ஸ்னேஹாவைப் பார்த்தார். ஸ்னேஹா, அவர்கள் சம்மதிக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் ஜானகியைப் பார்த்துப் புன்னகை செய்து கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு படிவம் முடிந்தது. நான் சரிபார்த்தேன். தேதி, கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பன்னிரண்டும் செல்லும்.