கதவுக் கச்சேரி

எனக்குக் கல்யாணம் நடத்தி வைத்தது சர்க்கார்தான் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. சாட்சிக்கு ஒரு கோட்டு வைத்திருந்தேன். அதையும் கரையான் தின்றுவிட்டது. ஆகையால் எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தின் புது ராஜாவுடைய படம் சர்க்கார் கச்சேரிச் சுவரில் ஏறி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணி கரை கொள்ளாமல் வந்தது. பட்டப்பகலில் வந்ததால் எங்கள் பக்கத்தில் சனங்கள் மேட்டுக்கு ஓடித் தப்பித்துக்கொண்டார்கள். வீடுகளால் ஓட முடியவில்லை. ஆற்றோரத் தெருக்களில் மண்சுவர்கள் எல்லாம் தண்ணீரில் போட்ட கருப்பட்டியாகக் கரைந்து போயின.

அவற்றைத் திரும்பக் கட்டுவதற்காக ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் சர்க்கார் ஒரு தனிக் கச்சேரி, அதாவது ஆபீஸ், போட்டது. நான் அதில் தற்காலிகக் குமாஸ்தா. மூங்கில் காட்டிலாகாவிலிருந்து வர வேண்டும். கயிறு ஜெயிலிலிருந்து வர வேண்டும். செங்கல் மராமத்து இலாகா கொடுக்க வேண்டும், கொத்தனார்களை மிஷன்காரர்கள் அனுப்ப வேண்டும். இந்த நாலு பேரையும் ஒரே நாளில் ஒரே ஊருக்கு வரவைப்பதுதான் எங்கள் வேலை. ஒரு நாளும் நடக்கவில்லை. சுவரே இல்லாத ஊரில் ஓடு வந்து இறங்கியது. செங்கல் போகாத ஊருக்குக் கொத்தனார்கள் போய், நாலு நாள் தாயம் ஆடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒரு கிராமத்துக்குக் கயிறு மட்டும் வண்டி வண்டியாகப் போனது. "ஐயா, மாடு வேற அனுப்புவீங்களா, இல்ல எங்களையே கட்டிக்கிடணுமா?" என்று அந்த ஊர்க்காரர்கள் ஆள் விட்டுக் கேட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. தை பிறந்தால் கல்யாணம். எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும் காலம் அது.

இதற்கு நடுவில் கதவுகள் வந்து சேர்ந்தன.

சுவர் கரையும், கதவு மிதக்கும். ஆற்றில் போன கதவுகளில் பாதி அணைக்கட்டில் தட்டி நின்றன. மிச்சம் கடல் வரைக்கும் போய்விட்டன. புன்னக்காயல் மீன்காரர்கள் அவற்றை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். "மீனு படுற வலையில சன்னலும் கதவுமா படுது. வலைக்கு யாரு ஐயா பதில் சொல்லுதது?" என்றார் ஒருவர். கச்சேரிக்கு எதிரே மருத மரத்தடியில் கதவுகளைச் சாத்தி வைத்து, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் நம்பர் போட்டேன். ஊர்க்காரர்கள் எங்கள் ஆபீசுக்குக் கதவுக் கச்சேரி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் அதிகாரி பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர். பொய் என்றால் கெட்டுப்போன கருவாட்டைக் கண்ட மாதிரி மூக்கைச் சுருக்குவார். நல்ல கதவு ஒன்றுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய அன்றைக்கே அவர் ஒரு விதி போட்டார். கதவு கேட்டு வருகிறவர் அதைப் பார்க்கக் கூடாது. முதலில் ஓலைத் தட்டிக்கு அந்தப் புறம் உட்கார்ந்து, தன் கதவின் அடையாளத்தை வாயால் சொல்ல வேண்டும். நான் எழுதிக்கொள்வேன். சொன்னது சரியாக இருந்தால் கதவு அவருக்கு.

சுலபமான விதிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

"உம்ம கதவு எப்படி இருக்கும்வே?"

"கதவு மாதிரி இருக்கும் ஐயா."

"அடையாளம் சொல்லும்."

"நான் போய்த் தள்ளினா திறக்கும்."

இன்னொருவர் தன் கதவு போடும் சத்தத்தைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் கிரீச்சென்று வாயாலேயே போட்டும் காட்டினார். நிலையிலிருந்து கழன்று மரத்தடியில் சாய்ந்து கிடக்கும் கதவை எப்படிச் சத்தம் போட வைப்பது? எங்கள் டவாலி சேவகர் மட்டும் நாள் பூராவும் கிரீச், கிரீச்சென்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் ஒரு கதவுகூட வீடு போய்ச் சேரவில்லை. தினம் போகும், தினம் வரும், ஆயுசு பூராவும் தொட்ட பொருள். ஒருவருக்கும் அதன் முகம் தெரியவில்லை.

எட்டாம் நாள் ஒரு சம்சாரி வந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். வெளியே நின்ற அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் இப்படி முழிக்கீக? பின்பக்கம் தாழ்ப்பாளுக்குக் கீழ தோசைக்கரண்டி பட்ட தழும்பு இருக்கும்லா, அதைச் சொல்லுங்க!"

"கரண்டி எப்படிம்மா கதவுல பட்டுது?" என்று அதிகாரி கேட்டார்.

"அவுக குனிஞ்சுட்டாக ஐயா."

போய்ப் பார்த்தோம். தழும்பு இருந்தது. அதிகாரி மூக்கைச் சுருக்காமல் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இனிமேல் வீட்டுப் பெண்களைக் கேட்டுத்தான் கதவு என்று உத்தரவு போட்டார். அதன் பிறகு கதவுகள் பறந்தன. குங்குமம் துடைத்த கறை, பிள்ளை கடித்த விளிம்பு, மாமியார் மேல் இருந்த கோபத்தை ஆணியால் கீறி வைத்த கோடுகள் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருந்தன. ஆண்களுக்குத் தெரிந்தது முன்பக்கம். முன்பக்கத்தில் எல்லாக் கதவும் ஒரே கதவு.

சிரித்துக்கொண்டிருந்த என் தலையில் கல்லைப் போட்டவர் என் வருங்கால மாமனார். சீவலப்பேரியில் அவர் வீடும் போய்விட்டது. அதோடு, முன்கூடமான பட்டாசலையும் பெண்கள் புழங்கும் இரண்டாங்கட்டையும் பிரிக்கிற பலாக்கதவும் போய்விட்டது. அந்த வீட்டில் பிறந்த பெண்கள் எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் மணவறைக்கு வந்தார்களாம். "கதவு வந்தாத்தான் கல்யாணம். தையில வந்தா தையில, வராட்டா பொறவு பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தப் "பொறவு" என்னைப் பயமுறுத்தியது. காரணம் இருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று அவள் வந்தாள், கும்பிட்டாள், போனாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "பொண்ணு உம்மை ஏறிட்டுக்கூடப் பாக்கலையே கொழுந்தனாரே. பிடிக்கலையோ என்னமோ!" என்று என் மதினி விளையாட்டாகச் சொன்னாள். அது எனக்கு விளையாட்டாக இல்லை. கல்யாணம் தள்ளிப் போனால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்குமோ என்று நினைத்து நினைத்து, மார்கழிப் பனியிலும் எனக்கு வேர்த்தது.

மாமனார் கச்சேரிக்கு வந்தார். "அடையாளம் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் அதிகாரி.

"நடுவுல பெரிய தாமரை இருக்கும்."

தாமரைக் கதவு பதினொன்று இருந்தது.

"பின்பக்கத்துல என்ன இருக்கும்?"

"பின்பக்கத்தை நான் எதுக்குய்யா பாக்கேன்? நான் இங்கன இருந்து தட்டுவேன், அவ அங்கன இருந்து திறப்பா."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவுக உமக்கு மாமனார் ஆகப் போறவுக. நீர் வாயே திறக்கக் கூடாது, தெரியுதா?" திறந்து மட்டும் என்ன செய்ய? பெண் பார்க்கப் போன அன்று அந்தத் தாமரையையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். எத்தனை இதழ் என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கூட இன்னொரு பெண்ணும் இறங்கித் தட்டிக்குப் பின்னால் போனது எனக்குத் தெரிந்தது. யார் என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. மாமியார் எண்ணெய்க் கறையைச் சொன்னார், மஞ்சள் கறையைச் சொன்னார். ஒன்பது தாமரைக் கதவுகளில் அவை இருந்தன. அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பேனாவை மூடினார்.

அப்போது தட்டிக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "ஐயா, நான் ஒண்ணு சொல்லுதேன்."

அவள் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். என் பேனா காகிதத்தில் ஒரு பெரிய மைத்துளியை வைத்தது.

"சொல்லும்மா."

"தாமரை நடுவுல விதைக்குழி மாதிரி செதுக்கியிருக்கும். அதுல ஒரு குழி மட்டும் ஓட்டை. தேன்மெழுகு வச்சு அடைச்சிருக்கு."

"யாரு ஓட்டை போட்டது?"

"நான்தான். கொண்டை ஊசியால" என்றாள். "ஏட்டி!" என்று மாமியார் அலறினார்.

"எப்போ? எதுக்கு?" அதிகாரிக்கு எல்லாம் சரியாக எழுத்தில் வந்தாக வேண்டும்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தாகல்லா, அன்னைக்கு முந்தின நாள். எல்லார் முன்னாலயும் தலைய நிமித்தக் கூடாதுன்னு அம்மை சொல்லியிருந்தா. பாக்காம எப்படி ஐயா சம்மதம் சொல்லுதது?"

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. எழுத்து கோணல் மாணலாகப் போனது.

"ஓட்டை வழியா என்ன பாத்தே? அதையும் சொல்லு, எழுதணும்."

"அவுக தூணுல சாஞ்சு இருந்தாக. தட்டுல இருந்து ஒரு அதிரசம் எடுத்துத் தின்னாக. பெரியவுக எல்லாரும் சாதகம் பாத்துக்கிட்டு இருந்தப்ப இன்னொண்ணை எடுத்து..."

"எடுத்து?"

"கோட்டுப் பைக்குள்ள போட்டுக்கிட்டாக. இடது பை."

பெண் பார்க்கப் போன வீட்டில் ஒன்றுக்கு மேல் தொடக் கூடாது என்று என் அம்மா சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாள். தொட்டது யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அதை என் கையாலேயே சர்க்கார் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எந்திரிச்சு நில்லும்வே" என்றார். நின்றேன். என்னிடம் இருந்தது ஒரே கோட்டு. இடது பையில் அதிரசம் அளவுக்கு வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. எத்தனை தடவை அரப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கறை.

"இது உண்மையா?"

"உண்மைதான் ஐயா."

"அப்போ சாட்சிக் கையெழுத்துப் போடும்."

போட்டேன். பதினொரு தாமரைகளையும் அதிகாரி பென்சிலால் குத்திக்கொண்டே போனார். ஏழாவது தாமரையில் மெழுகு பொட்டென்று விழுந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த வெயில் ஊசி போல் இந்தப் பக்கம் வந்தது. டவாலி சேவகர் சந்தோஷத்தில் ஒரு கிரீச் போட்டார். நான் வாய்க்கால் கரையோரமாகப் போய், ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நாலு குதி குதித்தேன். அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். அதிரசத் திருட்டையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்லியிருக்கிறாள்!

தையில் கல்யாணம் நடந்தது. பலாக்கதவுக்கு இரண்டு பக்கமும் சுவர் எழும்பியிருந்தது. கூரை இல்லை. கயிறு வந்துவிட்டது, மூங்கில் வந்துவிட்டது, ஓடு கல்யாணத்துக்கு மறுநாள்தான் வந்தது. அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து, கதவு சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எவ்வளவோ சொல்லியும் நான் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டேன்.

மணவறையில் உட்கார்ந்து எதிரே தாமரையைப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் திறந்த வானம். விதைக்குழிகளில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருட்டாயிற்று.

பக்கத்தில் சீர்த் தாம்பாளம் இருந்தது. பெரியவர்கள் எல்லோரும் தாலி எங்கே, தேங்காய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் அதிரசத்தை எடுத்து, துளைக்கு நேராகப் பிடித்துக் காட்டி, இடது பையில் போட்டுக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கச் சிரிப்புக் கேட்டது. "என்னட்டி சிரிப்பு?" என்று மாமியார் அதட்டுவதும் கேட்டது. கதவு திறந்தது. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.