அமுலுவுக்கு நான் போட்ட வருகை

போன வாரம் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு செக்யூரிட்டிக்காரர். கால்களில் அப்போதுதான் தேய்த்த கறுப்பு பூட்ஸ். பாலிஷ் வாசனை குப்பென்று வந்ததும் எழுந்துவிட்டேன். வேறு பெட்டிக்குப் போய் நின்றுகொண்டேன். பாவம், அவர் என்ன நினைத்தாரோ.

அந்த வாசனை எனக்கு ஞானராஜ் சாருடையது. எண்ணூரில், கழிமுகத்தை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் எட்டாம் வகுப்பு ஆசிரியர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து, பனிமலையில் இரண்டு கால்விரல்களைக் கொடுத்துவிட்டு வந்து, அதன்பிறகு படித்து வாத்தியாரானவர். விரல் போன கால் செருப்பில் நிற்காது. அதனால் எண்ணூர் வெயிலிலும் பூட்ஸ்தான். நான் தண்டையார்பேட்டை மளிகைக் கடைக்காரர் பெண். தவளையைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறும் வீராங்கனை. விஞ்ஞானம் எடுக்க வந்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்வார். முடியவே முடியாது. "என் தயிர்சாதம் ஆறிப்போகுது சார்" என்பேன். "அது காலையிலயே ஆறினதுதான டீச்சர்" என்பார், கண்ணைத் திறக்காமலே. ஒருவரிடமும் மதம் பேசியதில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சலென்றால் வீடு தேடிப் போய் உட்கார்ந்திருப்பார். அவர் அறிந்த ஊழியம் அவ்வளவுதான்.

முகத்துவாரக்குப்பத்துப் பெண்பிள்ளைகள் சில நாட்கள் காலையில் வர மாட்டார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் அம்மாக்களோடு கழிமுகத்தில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் கழுத்துவரை முங்கி மணிக்கணக்காக. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த தண்ணீர் அது. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. ஆகவே சார் ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் கோயில் வராந்தாவில் அவர்களுக்குத் தனிவகுப்பு. அதை நம்பிக் காலையிலேயே பதிவேட்டில் வருகை போட்டுவிடுவார். "பொய்யில்லையா சார்?" என்று ஒருமுறை கேட்டேன். "சாயந்திரம் வந்திருதுகள்லா டீச்சர். நாள் ஒண்ணுதான?" என்றார். உண்மைதான், ஒரு பிள்ளைகூட அவரை ஏமாற்றியதில்லை.

அன்றைக்கு சார் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார். அவர் வகுப்பையும் நான்தான் பார்த்தேன். அமுலு வரவில்லை. இறாலுக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்துப் பெண் சொன்னாள். சார் வழக்கப்படி நான் வருகை போட்டேன். பத்து மணிக்கு அமுலு செத்துப்போனாள். குழாய் பதிக்க ஓர் ஆலையின் ஆட்கள் கழிமுகத்துக்குள் பள்ளம் தோண்டிவிட்டு, வேலியும் கொடியும் இல்லாமல் விட்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீர் என்று நம்பி நடந்த பெண் அதற்குள் போய்விட்டாள். நீரிழுப்பில் கடலுக்குப் போன உடம்பு மறுநாள் கடற்கரையில் ஒதுங்கியது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஆலைத் தரப்பு எங்கள் பதிவேட்டையே காட்டியது. காலையில் பள்ளியில் இருந்த பெண், பத்து மணிக்குக் கழிமுகத்தில் எப்படி? சாயங்காலம் கடலில் குளிக்கப் போய்ச் செத்திருப்பாள் என்றார்கள். கூட இருந்த பெண்கள் பள்ளம் பள்ளம் என்று கத்தியதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அமுலுவின் அம்மா தேசம்மா காசு கேட்கவில்லை.

"என் பொண்ணு கடல்ல சாவல சார். கடலு எங்களுக்குத் தெரியாதா? அந்தப் பள்ளத்துல வுயுந்து செத்தா. அத்த எய்திக் குடு. எய்தினாதான் மூடுவான். இன்னும் எத்தினி பொண்ணுங்க எறங்குது அதுல!"

சார் எழுந்து நின்று, பதிவேடு பொய், வராத பிள்ளைக்கு வருகை போடுவது என் ஏற்பாடு என்றார். அதிகாரி சிரிக்காமல் கேட்டார்: "நீங்க அன்னிக்குக் காலையில ஸ்கூல்லயே இல்லையே. அவ வந்தாளா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் பேச்சு எடுபடாது. தெரிந்த பெரியவள் நான் ஒருத்திதான். முந்தின நாளே சார் என்னிடம் கேட்டிருந்தார். "ஒரு வார்த்தை டீச்சர். நான் சொல்லித்தான் போட்டீங்கன்னு சொல்லுங்க. பழி எனக்கு வரட்டும்." தலைமையாசிரியரும் கூப்பிட்டுப் பேசியிருந்தார். நான் வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை, பள்ளிக்குப் பெயர் கெடும், யோசித்துப் பேசம்மா. யோசித்தேன். யோசித்து, "வந்திருந்தா சார்" என்றேன்.

தேசம்மா என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "ஏன் டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

பொய்ப் பதிவேடு வைத்ததாகத் தானே ஒப்புக்கொண்டதற்காக சாரைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள். அவர் சொன்னது பள்ளத்தை மூடப் போதவில்லை, அவரைத் தள்ளப் போதுமானதாக இருந்தது. ஓய்வுபெற எட்டு மாதமே இருந்தது. மறுநாளிலிருந்து தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் கழிமுகத்துக்குப் போனார். பள்ளத்தைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். ஆலை ஆட்கள் பிடுங்கினார்கள், திரும்ப நட்டார். பிடுங்கிய நாட்களில் தானே சேற்றில் இறங்கி, பள்ளத்தின் விளிம்பில் மார்பளவு தண்ணீரில் நின்றார். பெண்கள் அவரைச் சுற்றி இறால் துழாவினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல். குழாய் போட்டு அவர்களாகவே மூடும்வரை வேறு யாரும் அதில் விழவில்லை. அந்தத் தண்ணீரில் நின்று காலில் ஆறாத புண். விரல் போன காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். அடுத்த மழைக்காலம் அவர் பார்க்கவில்லை.

நான் அந்தக் காலமெல்லாம் ஜன்னலோரம் நின்று விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து அவர் தலை தெரியும். ஒருநாள்கூட இறங்கிப் போகவில்லை. என்னை அவர் மன்னித்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் குப்பத்துப் பெண்கள் முழுக்க நின்றார்கள். நான் வாசலோடு திரும்பிவிடப் பார்த்தேன். தேசம்மா கண்டுவிட்டாள். "உள்ள வா டீச்சர். அவுரு யாரையும் வராதன்னு சொன்னவரா?" என்றாள். போனேன். மண் போட்டேன். அன்று பொய் சொன்னேன் என்று அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

வேலை நிரந்தரமானது. நல்லாசிரியை என்று ஒரு சால்வைகூடப் போர்த்தினார்கள். பிறகு பிள்ளைகள் இல்லாமல் அந்தப் பள்ளியை மூடினார்கள். கழிமுகத்தின் அந்தப் பக்கம் தூர்ந்து, மேலே லாரிப் பாதை போகிறது. தேசம்மாவும் போய்ச் சேர்ந்தாள். பள்ளம் இருந்த இடத்தை இன்னதென்று கை காட்ட எனக்குத் தெரிந்து இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அரசாங்கக் காகிதத்தில் அமுலு இன்னமும் கடலில்தான் செத்திருக்கிறாள்.