தம் துக்க மணியைத் தாமே கேட்ட லூர்தம்மா

போன மாதம் மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில் நம் கோயிலில் துக்க மணி அடித்தது. ஓர் அடி, ஒரு நிறுத்தம், மறுபடி ஓர் அடி. அந்த மணி கேட்டால் எங்கள் ஊரில் சேற்றில் நிற்பவர்கள்கூடக் கரையேறி, யார் யார் என்று கேட்டுக்கொண்டே கோயில் பக்கம் நடப்பார்கள். அன்று டீக்கடையில் என்னோடு இருந்தவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"யாருக்காம்?"

"லூர்தம்மாவுக்காம்."

"மறுபடியுமா? நல்லாப் பாத்தாங்களா?"

"இருப்பா, டீய குடி. குளிப்பாட்டி முடிக்கட்டும், அப்பால போலாம்."

சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, யாரும் கிளாஸை வாயில் வைக்கவில்லை. அதற்குள் லூர்தம்மாவின் மகன் அருள் செருப்பில்லாமல் வந்து என் முன்னால் நின்றான்.

"மாமா, இந்தத் தபா நெசந்தான். டாக்டரு வந்து பாத்துட்டாரு. வெரலெல்லாம் நிமிந்துடுச்சு மாமா."

அப்போதுதான் நான் நம்பினேன். மண்வெட்டி எடுக்க வீட்டுக்குப் போனேன். குழி வெட்டுவதற்காக அல்ல. அவருடைய குழி பல வருடமாகவே அங்கே இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியும். அறியாதவர்களுக்காக நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை என் மருமகள் எழுதுகிறாள். மீசை முளைத்த நாள் முதல் வயல் வேலையோடு, இந்த ஊர்க் கல்லறையில் குழி வெட்டுவதும் என் வேலை.

லூர்தம்மா அரியாங்குப்பம் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலங்களில் நடவு என்றால் அவர் பாட்டு கேட்காத வரப்பு கிடையாது. புருஷன் மாரடைப்பில் போன பிறகும் பாட்டு நிற்கவில்லை. கைதான் நின்றது. முதலில் விரல் கணுக்கள் வீங்கின. பிறகு ஒவ்வொரு விரலாக உள்ளே மடங்கியது. பிறகு முழங்கால். டவுன் ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். மாத்திரை வலியைக் குறைக்கும், நோயைப் போக்காது என்றார்கள்.

செபமாலையின் சின்ன மணி அவர் விரலில் நிற்காமல் போயிற்று. கொட்டைப்பாக்கைத் துளை போட்டு நைலான் கயிற்றில் கோத்துத் தரச் சொன்னார். அதை மடங்கிய விரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்துச் செபம் சொல்வார். டக், டக் என்று தெருவுக்கே கேட்கும்.

ஒருநாள் அவர் வீட்டைக் கடக்கும்போது உள்ளே சண்டைச் சத்தம். அவர் மருமகளோடு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தோடு சண்டை.

"ஒனக்கு ஒரு மத்தியானம். எனக்கு எத்தினி வருசம்? நீயே சொல்லு. கூட்டிக்கினு போறதுன்னா போ, இல்லாங்காட்டி இந்த வலிய எடு."

என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வாங்க சவரி அண்ணே. பேசிக்கினு கீறோம்."

"அவரு இன்னா சொல்றாரு?"

"இன்னும் வாயத் தொறக்கல."

அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில், காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டார் மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், பஞ்சு அசையவில்லை. கோயில் வேலைக்காரன் சூசை மணி அடித்தான். எங்கள் மண்ணில் ஊற்று ஏறி, இறைத்து இறைத்து வெட்ட நேரமாகும் என்பதால், மணி கேட்டவுடன் குழி வெட்டத் தொடங்குவது வழக்கம். நான் தொடங்கினேன். இங்கே நான் ஆள் உயரம் இறங்கும்போது அங்கே அவரை நாற்காலியில் சாய்த்து வைத்து வெந்நீர் ஊற்றினார்கள். இரண்டாவது சொம்பில் அவர் வாய் திறந்தது.

"சூடு சாஸ்திடீ."

சொம்பு போட்டது போட்டபடி பெண்கள் தெருவுக்கு ஓடினார்கள். அருளின் மனைவி ஜெனிட்டாவால் ஓட முடியவில்லை. அவள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. சூசைக்கு யாரும் சொல்லாததால் மணி இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. லூர்தம்மா தலையைச் சாய்த்துக் கேட்டிருக்கிறார்.

"மணி யாருக்குடீ அடிக்குது?"

ஜெனிட்டா துண்டை எடுத்து அவர் தோளைப் போர்த்தினாள்.

"எனக்கா?"

அவர் பிழைத்த சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைகூட ஊரில் நிற்கவில்லை. வெட்டின குழி வெறுமனே கிடக்கிறதே என்ற பேச்சு வந்துவிட்டது. வெட்டின குழியைச் சும்மா மூடினால் அது வேறு ஆளைத் தேடும் என்பது எங்கள் பெரியவர்கள் பயம். அதனால் ஆளுக்குப் பதிலாக ஒரு வாழைமரத்தை உள்ளே படுக்கவைத்து மூடினோம். அன்று பிடித்த மழை மறுநாளும் கொட்டியது. மழை நின்று நான் போய்ப் பார்த்தபோது மண் உள்வாங்கிக் குழி நிறையத் தண்ணீர். வாழைமரம் மேலே மிதந்துகொண்டிருந்தது. வாழைக்கு மிதக்கும் குணம் உண்டு, எனக்கும் தெரியும். இருந்தாலும் அது மல்லாந்து கிடந்த விதம் எனக்கே பிடிக்கவில்லை.

பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கரையில் நின்று சொன்னார்: "வாழ வேணாங்குது. ஆளு கேக்குது."

அந்தச் சொல் எனக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெனிட்டாவுக்கு அதற்கு முன் இரண்டு கரு கலைந்திருந்தது. குழி கேட்கிற ஆள் தன் வயிற்றில்தான் இருக்கிறது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸம்மா வந்து, இப்படிச் சாப்பிடாமல் கிடந்தால் குழந்தை தங்காது என்று கண்டித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கல்லறை வாசலில் டக், டக் என்று சத்தம் கேட்டது. பாக்குமாலை கம்பியில் இடிக்க, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு லூர்தம்மா வந்தார். பத்தடிக்கு ஒரு முறை நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். குழிக்கரையில் ஈர மண்ணில் உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

"இன்னாம்மா இது? ஈரத்துல ஒக்காந்தா காலு இன்னாத்துக்கு ஆவும்?"

"காலு போவட்டும் அண்ணே. அந்தப் பொண்ணு கிட்ட சொல்லிட்டு வந்தேன். இது எனக்கு வெட்டுனது. நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு கீற வரைக்கும் அது ஒன்னப் பாக்காது, நீ சோறு துன்னுன்னு. ரெண்டு வாய் துன்னா."

"குழி ஆளு கேக்கும்னு நீ நம்புறியா?"

"நான் நம்பல." ஒரு பாக்கை இழுத்துவிட்டு, "பாதி நம்பல," என்றார். "அவ முழுசா நம்புறாளே, இன்னா பண்ண?"

அன்று முதல் தினமும் வந்தார். குழியை மூடச் சொல்லிப் பங்குச் சாமியார் வந்தார். "ஆண்டவரை விட ஒரு குழி பெருசாம்மா?" என்று கேட்டார். "இல்ல சாமி. அதான் தெகிரியமா பக்கத்துல ஒக்காந்துக்கினு கீறேன். நான் வர்ற வரைக்கும் அப்பிடியே இருக்கட்டும்" என்றார். சாமியார் மேலே போட்டு மூடப் பலகை கொடுத்து அனுப்பினார்.

ஒருநாள் நான் கேட்டேன். செத்துக் கிடந்த நேரத்தில் என்ன பார்த்தாய் என்று. மோட்சம் என்று சொல்வார், மாதா என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. வலி இல்ல. யாரும் இல்ல. கெணத்துக்குள்ள கீற மாதிரி மணி மட்டும் கேட்டுச்சு. செத்தா வலி போவும்னு அத்தினி நாளு கேட்டேனே, வலி போன எடம் அப்பிடி வெறிச்சினு கெடக்குது. அப்பால வெந்நி ஊத்துனாங்க. மொத மொதல்ல வந்தது வெரலு வலிதான். வரக்கொள்ள தனியா வரல. யாரோ கையப் புடிச்சிக்கினு வந்த மாதிரி வந்துச்சு. அந்தக் கையும் நல்ல கை இல்லண்ணே. ஓட்ட வுழுந்த கை."

பிறகு அவர் சுரூபத்தோடு சண்டை போட்டு நான் கேட்டதில்லை. வலி குறையவும் இல்லை.

செபமாலை சொல்லும்போது மங்கள வார்த்தை என்ற மாதா செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். லூர்தம்மா அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு முன்பாதியை மட்டும் சொல்வார். பின்பு அதே அளவு நேரம் பேசாமல் இருப்பார். பிறகு பாக்கை இழுப்பார்.

"பின்பாதிய யாரு சொல்றது?"

சுற்றிலும் இருந்த சிலுவைகளைத் தாடையால் காட்டினார். "சொல்றாங்களே. ஒனக்குக் கேக்கல?"

எனக்குத் தவளைதான் கேட்டது. அதன் பிறகு அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் இருந்த கல்லறைகள் பக்கம் நான் போவதில்லை.

ஜெனிட்டாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலையிலேயே லூர்தம்மா வந்துவிட்டார். மத்தியானம் மழை பிடித்தது. குழியின் ஒரு பக்கம் சரிந்து, பலகை விலகி மண் உள்ளே விழுந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திரு எழுந்திரு என்று கெஞ்சினேன்.

"இன்னும் ஒரு பத்து பாக்கு கீது" என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

முன்பாதி சொன்னார். நிறுத்தினார். ஊரெல்லாம் மழை இரைந்தது. குழிக்குள் மட்டும் மழைச் சத்தம் இல்லை. தண்ணீரில் துளி விழுவதைக் கண்ணால் பார்க்கிறேன், சத்தம் இல்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று கேட்டது. பூசையில் கடைசி வரிசையில் நிற்பவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பார்களே, அப்படி. அவர் பாக்கை இழுத்ததும் அது நின்றது.

கடைசிப் பாக்கு நகர்ந்து கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அருள். பெண் குழந்தை.

"அழுவுதா?" என்றார்.

போனை அவர் காதில் வைத்தேன். கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு குழியைப் பார்த்து, "இருந்துக்க. நான் வரேன். அவசரப்படாத," என்றார்.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்துவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டேன். எதில் தூக்குவது என்று அவர்கள் விழிக்க, அவரே சொன்னார்: "தூம்பா கீதுல்ல? அதுல தூக்குங்கடா. பழகிக்கிறேன்." பிணப்பெட்டி சுமக்கும் அந்தத் தூம்பாவில் அவரை உட்காரவைத்துக் கல்லறையிலிருந்து ஊருக்குள் தூக்கி வந்தோம். எதிரே பைக்கில் வந்தவன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். "பொம்பளப் புள்ளடா! வூட்டுக்கு வா, சக்கர தரேன்!" என்று அவர் கத்தினார்.

அதற்கப்புறமும் வருடங்கள் ஓடின. கல்லறைத் திருநாளில் எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, இவர் தம் குழிப்பலகை மேல் ஒன்று ஏற்றுவார். "இன்னா ஆயா, உசுரோட கீறச்சே வத்தியா?" என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். "உள்ள கரண்ட் கீதோ இல்லியோ, யாருடீ கண்டா?" என்பார். பேத்தி பக்கத்தில் நின்று கை தட்டும்.

அடக்கத்தன்று பலகைகளை எடுத்தேன். முழங்கால் அளவு தண்ணீர். அக்கம்பக்கக் குழிகளில் இறைக்க இறைக்க ஊறும். இதில் ஒரு தரம் இறைத்தேன், பிறகு ஊறவில்லை. பெட்டியில் லூர்தம்மாவின் கை திறந்திருந்தது. அத்தனை வருடம் மடங்கிக் கிடந்த உள்ளங்கையை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். வெளுத்து, குழந்தைக் கை மாதிரி இருந்தது. அதில் பாக்குமாலையை வைத்தாள் ஜெனிட்டா. வளர்ந்த பேத்தி குனிந்து முதல் பிடி மண் போட்டது. குழி கேட்டதாக ஊர் சொன்ன பிள்ளை அது.

எல்லாரும் போன பிறகு மேட்டைத் தட்டிச் சமன் செய்தேன். வாழ்நாளில் செபத்தை நான் முன்னால் நின்று சொன்னவனில்லை. அன்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மங்கள வார்த்தையில் முன்பாதியை மட்டும் சொன்னேன்.

போய் வாருங்கள் லூர்தம்மா. பின்பாதியை நான் சொல்லவில்லை. அதை உங்களிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வாசல் தாண்டும்போது டக் என்று ஒரு சத்தம் கேட்டது.